நம்ம கடிதத்தை நாமே எழுத: கணனியில் எதைத் திறப்பது?

(சுற்றுவட்டாரத் தோட்டக் குடும்பங்களுக்காக அக்குறணையில் ஆரம்பிக்கப்பட்ட கணனி வகுப்பின் முதல் நாளன்று ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

இந்த மண்டபத்தை நமக்கு ஒழுங்கு பண்ணித் தந்த அக்குறணை ஊர்ப் பெரியவர்களுக்கு என் சலாம். அலவத்துகொடைப் பக்கமிருந்தும் அங்கும்புரப் பக்கமிருந்தும் காலை பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை நமக்கு ஒரே நாள். துணி துவைக்க, விறகு பொறுக்க, பிள்ளைக்குத் தலை பார்க்க என்று வேலை கிடக்கும். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

பேர் பதிய வந்தவர்களிடம் "கணனியில் என்ன படிக்க ஆசை?" என்று கேட்டேன். சின்னப் பிள்ளைகள் "கேம்" என்றார்கள். ஒரு அம்மா மட்டும், "சேமலாப நிதி விஷயமா ஒரு கடுதாசி எழுதணும் டீச்சர். ஒவ்வொரு தடவையும் டவுனுக்குப் போய் காசு குடுத்து எழுத வேண்டியிருக்கு" என்றார். இன்றைய பேச்சு அந்த அம்மாவுக்கு. கணனியைத் திறந்ததும் எந்தப் புரோகிராமில் கடிதம் எழுதுவது, எழுதியதை எப்படிப் பத்திரமாக வைப்பது, இவ்வளவுதான்.

கடிதம் என்பது நம்ம ஆட்களுக்குச் சின்னக் காரியம் இல்லை. 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்ம தாத்தா பாட்டிமார் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949 இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தபோது விண்ணப்பம் போடச் சொன்னார்கள். எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுக்க, நம்மவர் பெருவிரலை மையில் தொட்டு வைத்தார்கள். பத்திரம் சரியில்லை, சாட்சி போதாது என்று பெரும்பாலான விண்ணப்பங்கள் தள்ளுபடி ஆயின. அந்தப் பிரச்சினை 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் இழுத்தது. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுதச் சொன்னவருக்கே தெரியாத காலம் அது. இன்றைக்கும் பெட்டிசம் எழுதித் தருகிறவர் "சரி, கையெழுத்துப் போடு" என்றால் வாசிக்காமல் போடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

ஆனால் சட்டம் இப்போது நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. 1988 இல் வந்த பதினாறாம் திருத்தத்தின்படி அரசாங்கக் கந்தோருக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "என் விண்ணப்பம் எங்கே நிற்கிறது?" என்று தமிழில் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். ஆங்கிலம் வேண்டாம், பெரிய இலக்கணம் வேண்டாம். சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொன்னால் போதும்.

சரி, கணனிக்கு வருவோம். எழுதுகிற புரோகிராம்கள் ரெண்டு ஜாதி. ஒன்று, 'வேர்ட்' மாதிரி. எழுத்தைப் பெரிசாக்கலாம், கலர் போடலாம், கட்டம் போடலாம், படம் ஒட்டலாம். மற்றது 'நோட்பேட்' மாதிரி. வெள்ளைத் தாள் ஒன்று வரும், எழுதலாம், அழிக்கலாம், சேமிக்கலாம். அவ்வளவுதான். வகுப்புகளில் வழக்கமாக வேர்டைத்தான் முதலில் காட்டுவார்கள். நான் நோட்பேடில் ஆரம்பிக்கப் போகிறேன். ஏன் என்றால், வேர்டைத் திறந்தால் மேலே நூற்றுக்கணக்கில் பொத்தான். புதுசாக உட்காருகிறவர் எதையோ தொட்டு, எழுத்து திடீரென்று சாய்ந்துவிடும், கோடு விழும், பக்கம் பாதியாகும். "நான் என்னமோ கெடுத்துட்டேன்" என்று பயந்து எழுந்து போய்விடுவார். அப்படி எழுந்து போன அம்மாமாரை நான் பார்த்திருக்கிறேன், திரும்பி வந்ததே இல்லை. கவ்வாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு யாராவது கொழுந்து பறிக்கப் போவார்களா? கத்தி நல்ல சாமான்தான், அதுக்குரிய வேலை வேறு.

இன்னொன்று காசு. வேர்ட் காசு கொடுத்து வாங்க வேண்டியது. கடைகளில் கள்ளக் கொப்பி போட்டுத் தருவார்கள், கொஞ்ச நாளில் "காசு கட்டு" என்று சொல்லி, எழுதினதை வாசிக்க மட்டும் விடும், திருத்த விடாது. நோட்பேட் விண்டோசோடு சேர்ந்தே வருகிறது. 1985 இல் விண்டோசின் முதல் பதிப்பிலேயே இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. இடையில் 'வேர்ட்பேட்' என்று ஒன்று 1995 இல் வந்தது. அதை 2024 இல் வெளியான விண்டோஸ் 11 பதிப்பிலிருந்து எடுத்தே விட்டார்கள். நோட்பேடில் எழுதின சாதாரண எழுத்துக் கோப்பு மட்டும் எந்தக் கணனியிலும், எந்தப் போனிலும் திறக்கும். இடமும் பிடிக்காது. ஆயிரம் எழுத்துள்ள தமிழ்க் கடிதம் ஒன்று ஏறக்குறைய மூன்று கிலோபைட். போனில் நீங்கள் எடுக்கிற ஒரு போட்டோவின் இடத்தில் ஆயிரம் கடிதம் வைக்கலாம்.

இவ்வளவு நல்லதாகச் சொல்கிற நோட்பேடால்தான் நான் ஒரு தரம் அழுதேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2012 என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு 55 வயசு முடிந்து சேமலாப நிதிப் பணம் எடுக்கப் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. அடையாள அட்டையில் ஒரு மாதிரி பேர், தோட்டப் பதிவில் ஒரு எழுத்து வித்தியாசம். இந்தத் தொல்லை இல்லாத லயம் எங்கே இருக்கிறது? விளக்கம் எழுதி அனுப்பச் சொன்னார்கள். வெளியாரிடம் கொடுக்காமல் நானே எழுதினேன். நான் படித்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு பழைய கணனி, அதில் நோட்பேடில், இரவு பத்து மணி வரைக்கும் உட்கார்ந்து அழகான தமிழில் ஒன்றரைப் பக்கம். எப்போது வேலைக்குச் சேர்ந்தார், எந்தெந்த டிவிசனில் இருந்தார், அம்மா பேர், தாத்தா பேர், எல்லாம். சேமிக்கும்போது ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்தது. நாலு வரி. நான் வாசிக்கவில்லை. கீழே 'ஓகே' இருந்தது, அமுக்கினேன். பென் டிரைவில் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

அடுத்த நாள் அப்பா ஒரு நாள் பேரை விட்டுவிட்டு டவுனுக்கு வந்தார். கொம்யூனிகேஷன் கடையில் நானா கோப்பைத் திறந்தார். பக்கம் முழுக்கக் கேள்விக்குறி. ஒன்றரைப் பக்கம் கேள்விக்குறி, நடுநடுவே திகதியும் இலக்கமும் மட்டும் தமிழில் எழுதாதபடியால் தப்பியிருந்தது. அப்பா எட்டிப் பார்த்து, "என்ன புள்ள, எல்லாம் கேள்வியாவே இருக்கு?" என்றார். நானா பாவம், நாலு விதமாகத் திறந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. கடைசியில் கடை மேசையிலேயே பேனாவால் திரும்ப எழுதினேன்.

அந்த ஆங்கிலப் பெட்டி என்ன சொன்னது என்று பிறகுதான் விளங்கியது: "இதில் உள்ள எழுத்துகளை இந்த முறையில் சேமித்தால் அவை அழிந்துபோகும், தொடரவா?" நான் "ஆமாம், அழி" என்று பொத்தானை அமுக்கியிருக்கிறேன்.

ஏன் அப்படி ஆகிறது? கணனிக்கு அ, ஆ தெரியாது. இலக்கம்தான் தெரியும். செக்ரோலில் உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் இருக்கிறதே, அதே மாதிரி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர். பழைய செக்ரோல் ஒன்று இருந்தது, 'ஆன்சி' என்று பேர். அதில் மொத்தமே 256 இடம். ஆங்கிலமும் ஐரோப்பிய எழுத்துகளும் போக, தமிழுக்கு இடமே இல்லை. நம்பர் இல்லாத ஆளைப் பெரட்டில் என்ன செய்வார்கள்? அவர் பேரை எழுத மாட்டார்கள். ஆன்சியும் அதைத்தான் செய்தது. இடம் இல்லாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறி. அதனால்தான் திரும்பக் கொண்டுவர முடியாது. எல்லா எழுத்தும் ஒரே குறியாகிவிட்டால் எது 'அ', எது 'க' என்று யாருக்குத் தெரியும்?

1991 இல் வந்த யுனிகோட்தான் உலகத்து எழுத்துக்கெல்லாம் ஒரே செக்ரோல். தமிழுக்கும் அதில் முதல் பதிப்பிலேயே சொந்த நம்பர் கிடைத்தது. 'அ' என்றால் 2949, 'க' என்றால் 2965. கண்டியிலும் அதுதான், கனடாவிலும் அதுதான். அந்த நம்பர்களைக் கோப்பில் எழுதி வைக்கும் முறைக்கு 'யூடிஎஃப் 8' என்று பேர். இந்தப் பேரை மட்டும் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். 2019 க்குப் பிறகு வந்த விண்டோஸ் 10 இலும் விண்டோஸ் 11 இலும் நோட்பேட் தானாகவே இந்த முறையில்தான் சேமிக்கிறது. அதற்கு முந்தின கணனியாக இருந்தால் 'சேவ் ஆஸ்' அமுக்கும்போது கீழே 'என்கோடிங்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஆன்சி என்றிருந்தால் யூடிஎஃப் 8 என்று மாற்ற வேண்டும். நமக்கு நன்கொடையாக வருகிற கணனிகள் பெரும்பாலும் பழசு, அதனால் பார்த்தே ஆக வேண்டும். ஆங்கிலப் பெட்டி ஏதாவது வந்தால் ஓகே அமுக்காமல் என்னைக் கூப்பிடுங்கள். நான் இல்லாவிட்டால் 'கேன்சல்'. கேன்சல் அமுக்கினால் எழுதினது திரையிலேயே நிற்கும், ஒன்றும் போகாது.

இனி நம் நாட்டுக்கென்றே உள்ள ஒரு சங்கதி: பாமினி. இலங்கையில் தமிழ் டைப் அடிக்கிற கடைகளில் வருஷக்கணக்காகப் பாமினி எழுத்துருதான். கலியாணக் கார்ட், மரண அறிவித்தல், சங்கத்து நோட்டீஸ், எல்லாம் அதில்தான் வந்தன. அதைக் குறை சொல்லவில்லை. தமிழுக்கு நம்பர் இல்லாத காலத்தில் நம்மைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் அது எப்படி வேலை செய்தது? ஆங்கில எழுத்தின் நம்பருக்கு மேல் தமிழ் எழுத்தின் படத்தை ஒட்டி வைத்தார்கள். ஒருவரின் நம்பரில் இன்னொருவர் பேர் போடுகிற கதை. பாமினி உள்ள கணனியில் 'தமிழ்' என்று தெரியும். அது இல்லாத கணனிக்கு அனுப்பினால் நம்பரின் சொந்தக்காரர் வந்து நிற்பார்: ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. கந்தோரில் அதைப் பார்க்கிறவர் என்ன செய்வார்? ஓரமாகப் போடுவார். பதில் வரவில்லை என்று நாம் தோட்டத்தில் காத்துக்கொண்டிருப்போம்.

இப்படி ஆங்கில எழுத்துக் குவியலாக வந்த கடிதத்தைத் தூக்கி எறிய வேண்டாம். அதற்கு உயிர் இருக்கிறது. பாமினியை யுனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஒட்டினால் தமிழாகிவிடும். பெட்டி பெட்டியாகத் தெரிந்தாலும் பயமில்லை. அந்தக் கணனியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம், வேறு கணனியில் திறந்தால் வரும். கேள்விக்குறி மட்டும்தான் போனது போனதுதான்.

பாமினியில் விரல் பழகின தம்பிமார் ரெண்டு பேர் இங்கே இருக்கிறார்கள். "திரும்ப முதலிலிருந்தா?" என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். தேவையில்லை. பாமினி விசை ஒழுங்கிலேயே அடித்து யுனிகோடாக விழச் செய்கிற சின்னப் புரோகிராம்கள் உண்டு, எ-கலப்பை அதில் ஒன்று. விரல் அதே இடத்தில் போகும், கோப்பு மட்டும் சரியாக இருக்கும். இலங்கை அரசாங்கம் 2008 இல் எஸ்எல்எஸ் 1326 என்று ஒரு தரம் வெளியிட்டது. அதில் உள்ள விசைப்பலகை ரெங்கநாதன் ஒழுங்கு, பழைய தட்டச்சு மெசின் பழகினவர்களுக்கு அது லேசு. ஒன்றுமே பழகாதவர்களுக்கு நான் ஒலி முறையைத்தான் காட்டப் போகிறேன். ஆங்கில ஏ, எம், எம், ஏ, ஏ அடித்தால் 'அம்மா' வரும். பள்ளிக்கூடத்தில் ஆங்கில அரிச்சுவடி மட்டும் படித்தவருக்கும் ஒரு மணித்தியாலத்தில் கை வந்துவிடும். விண்டோஸ் 10 இல் 2019 முதல் இது உள்ளேயே இருக்கிறது. எந்த ஒழுங்கு சிறந்தது என்று படித்தவர்கள் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைக்கு நாம் போக வேண்டாம்.

நோட்பேடில் ரெண்டு மூன்று விஷயம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். எழுதிக்கொண்டே போனால் வரி வலது பக்கம் ஓடி மறைந்துவிடும். 'வேர்ட் ராப்' என்பதை ஒரு தரம் அமுக்கினால் வரி மடங்கி வரும். கண் மங்கலானவர்கள் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கூட்டல் குறியை அமுக்கினால் எழுத்து பெரிசாகும், அது பார்வைக்கு மட்டும்தான், பிரிண்டில் மாறாது. பிழை விட்டால் கன்ட்ரோல் இசட் அடித்துப் பின்னால் போகலாம். பழைய நோட்பேடில் ஒரே ஒரு அடிதான் பின்னால் போகும், கவனம். பந்திக்கு ஒரு தரம் கன்ட்ரோல் எஸ். தோட்டத்துக் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. 2022 இல் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் வெட்டின நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள்.

கோப்புக்குப் பேர் வைக்கும்போது 'கடிதம்', 'கடிதம் 1', 'புதுக் கடிதம்' என்று வைக்காதீர்கள். மூன்று மாதம் கழித்துத் தேடினால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. வருஷம், மாதம், யாருக்கு, என்ன விஷயம் என்று வையுங்கள். ஒரே இடத்திலும் வைக்க வேண்டாம். அக்குறணை ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிங்கா ஓயா பெருகினால் கடைத்தெருவுக்குள் தண்ணீர் ஏறும், கடைக்காரர் முதலில் கணக்குப் புத்தகத்தைத்தான் மேலே தூக்குவார். நம்ம லயங்களில் மழைக்குக் கூரை ஒழுகும், மண் சரியும். காகிதம் நனைந்தாலும் போச்சு, கணனி நனைந்தாலும் போச்சு. பென் டிரைவில் ஒன்று, பிள்ளையின் ஈமெயிலுக்கு ஒன்று அனுப்பி வையுங்கள். மூன்று கிலோபைட்டுக்கு டேட்டா காசு கணக்கிலேயே வராது.

வேலைக்கு விண்ணப்பம், சுயவிபரக் கோவை, கட்டம் போட்ட கணக்கு என்றால் நோட்பேட் போதாது, உண்மைதான். அதற்கு 'லிப்ரே ஆபீஸ்' என்று இலவசமாகவே ஒன்று இருக்கிறது, மூன்றாம் மாதம் அதைத் தொடுவோம். நோட்பேடில் எழுதினதை அப்படியே எடுத்து அதில் ஒட்டலாம். 'நோட்பேட் ப்ளஸ் ப்ளஸ்' பற்றி ஒரு தம்பி கேட்டார். நல்ல சாமான், ஆனால் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு. உங்கள் கை பழகட்டும், பிறகு பார்க்கலாம்.

"வீட்டில் கணனியே இல்லையே டீச்சர், போன்தான் இருக்கு" என்று கேட்பீர்கள். போனும் போதும். அதிலுள்ள குறிப்பு எழுதுகிற இடத்தில் எழுதலாம், அங்கே எழுத்தெல்லாம் யுனிகோட்தான், கேள்விக்குறிப் பயம் இல்லை. டைப் பண்ண வராதவர்களுக்கு இன்னொரு வழி: கூகிள் விசைப்பலகையில் மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் எழுத்தாக விழும். தமிழுக்கு 2017 இல் அந்த வசதி வந்தது. நம்ம தோட்டத்துப் பேச்சை அது சில நேரம் வேறு மாதிரி எழுதிவிடும். பேரையும் நம்பரையும் மட்டும் நீங்கள் கையால் திருத்த வேண்டும். அப்பாவுக்கு வந்த தொல்லை ஒரு எழுத்தால் வந்தது என்று சொன்னேன் அல்லவா.

கடைசியாக ஒன்று. புதிய விண்டோஸ் 11 நோட்பேடில் "நான் திருத்தி எழுதித் தரவா?" என்று கேட்கிற ஒரு பொத்தான் வந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்கிறார்கள். நம்ம வகுப்பில் முதல் மூன்று மாதம் அதைத் தொடக் கூடாது. அது கெட்டது என்பதற்காக இல்லை. டவுனில் பெட்டிசம் எழுதுகிறவரிடமிருந்து விடுபடத்தான் இங்கே வந்திருக்கிறீர்கள். எழுதுகிறவர் மெசினாக இருந்தால் மட்டும் அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடுமா? முதலில் உங்கள் வாயில் வருகிற மாதிரியே எழுதுங்கள். "நான் இன்ன தோட்டத்தில் இத்தனை வருஷம் வேலை செய்தேன், என் பேர் இப்படி, பதிவில் அப்படி இருக்கிறது, ரெண்டும் ஒரே ஆள்தான்." இது போதும். விளங்காத கந்தோர் இல்லை.

அப்பாவின் பணம் எட்டு மாதம் கழித்துக் கிடைத்தது. கையால் எழுதின அந்தக் கடிதத்துக்குத்தான். அதற்குக் கொப்பி இல்லை, எடுத்து வைக்கத் தோன்றவில்லை. இருந்திருந்தால் இன்றைக்கு உங்களுக்கு மாதிரியாகக் காட்டியிருப்பேன்.

பிளேன்டீ வந்துவிட்டது போல் தெரிகிறது. குடித்துவிட்டு வாருங்கள். ஆறு கணனிதான் இருக்கிறது, ஒன்றுக்கு மூன்று பேர். சேமலாப நிதிக் கடிதம் எழுத வேண்டிய அம்மா ஜன்னலோரத்து முதல் கணனியில் உட்காரட்டும். மற்ற எல்லோரும் முதல் வரியாக உங்கள் முழுப் பேரை, அடையாள அட்டையில் இருக்கிறபடியே, எழுத்து எழுத்தாகப் பார்த்து அடியுங்கள். அடித்ததும் கன்ட்ரோல் எஸ்.